பஞ்சாலை ஊரின் பந்து

தெற்கிலிருந்து வருகிற ரயில் பிரெஸ்டன் நிலையத்துக்குள் நுழையும் முன் ரிப்பிள் ஆற்றைத் தாண்டுகிறது. வலப்பக்க ஜன்னலில் பசும்புல் சரிவு ஒன்று ஆற்றங்கரை வரை இறங்கி வருவதைப் பார்க்கலாம். அது மில்லர் பூங்கா. அதை அடுத்து ஏவனம் பூங்கா. கல் படிக்கட்டுகளும் நீரூற்றும் ஆற்றோர நடைபாதையும் விக்டோரியா காலத்துச் செல்வச் செழிப்பைப் பறைசாற்றுவதுபோல் இருக்கின்றன. உண்மையில் இவற்றை உண்டாக்கியது பட்டினி. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, தென் மாநிலத் துறைமுகங்கள் அடைபட்டதும், இந்த ஊர் இருக்கும் லங்காஷயருக்கு வந்துகொண்டிருந்த பஞ்சு நின்றுபோனது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. நிவாரணச் சமையற்கூடங்களின் வாசலில் குடும்பம் குடும்பமாக வரிசை நின்றார்கள். வேலை இழந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு, எட்வர்டு மில்னர் என்ற தோட்டக்கலை வல்லுநரின் வரைபடத்தின்படி ஊர் நிர்வாகம் அமைத்த பூங்காக்கள் இவை. நூல் இழுத்துப் பழகிய கைகள் மண்வெட்டி பிடித்தன.

அந்தப் பஞ்சுப் பஞ்சத்தின்போது லங்காஷயர் இந்தியாவை நோக்கித் திரும்பியது. தூத்துக்குடியில் கப்பலேறிய பஞ்சு, திருநெல்வேலி என்ற ஊர்ப்பெயரையே சரக்கின் பெயராகச் சுமந்துகொண்டு இங்கிலாந்துச் சந்தைக்குப் போனது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்போ வாணிபம் வேறு மாதிரி இருந்தது. சோழமண்டலக் கரை நெசவாளர்கள் தறியில் நெய்த லாங்கிளாத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு அதே துணியை இயந்திரத்தில் நெய்து பெயர் வாங்கிய நிறுவனங்களில் முதன்மையானது பிரெஸ்டனின் ஹாரக்ஸஸ். அந்தத் துணி நம் கடைகளுக்கே திரும்பி வந்த கதை நமக்குத் தெரியும்.

ஆலைகள் ஓய்ந்து கிடந்த 1863இல் பிரெஸ்டனில் சிலர் சேர்ந்து ஒரு கிரிக்கெட் சங்கம் தொடங்கினார்கள். அதே ஆண்டின் அக்டோபரில் லண்டன் மதுக்கடை ஒன்றில் கூடிய கனவான்கள், கால்பந்துக்குப் பொது விதி வகுக்க ஒரு சம்மேளனம் அமைத்தார்கள். ஒருவரையொருவர் அறியாத இந்த இரு கூட்டங்களும் இருபது ஆண்டு கழித்து மோதிக்கொண்டன. மோதலின் பொருள் கூலி.

பிரெஸ்டன் கூலிக்காகச் சண்டையிட்டுப் பழகிய ஊர். நிலையத்திலிருந்து ஃபிஷர்கேட் என்ற கடைவீதி வழியே நடந்து லூன் தெருவில் திரும்பினால் பழைய தானியச் சந்தைக் கட்டடத்தின் முன் ஒரு சிற்பத் தொகுதி நிற்கிறது. ஒரு பக்கம் துப்பாக்கி உயர்த்திய படைவீரர்கள். மறுபக்கம் கைகளை விரித்து விழும் மனிதர்கள். 1842 ஆகஸ்டில் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது இந்தத் தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்து நால்வர் இறந்தார்கள். பத்தாண்டு கழித்து, பத்து சதவீத உயர்வு கேட்ட தொழிலாளர்களை வெளியே தள்ளி முதலாளிகள் ஆலைகளைப் பூட்டினார்கள். அந்தக் கதவடைப்பை நேரில் பார்க்க 1854 ஜனவரியில் சார்லஸ் டிக்கன்ஸ் இங்கே வந்தார். அந்த ஆண்டே ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவல் வெளியானது.

இன்னும் கொஞ்சம் நடந்தால் ஸ்டோனிகேட்டில் ஒரு பழைய வீடு. 1768இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் நூற்பு இயந்திரத்தின் முதல் மாதிரியை உருவாக்கிய வீடு அது. பிரெஸ்டனில் பிறந்த அந்த முடிதிருத்துநரின் இயந்திரம்தான் மனிதரை வீட்டுத் திண்ணையிலிருந்து ஆலைக்கு இழுத்தது. ஆலைச் சங்கு அவர்களின் நாளைத் துண்டு போட்டது. விளையாட்டின் கதையும் அந்தச் சங்கில்தான் தொடங்குகிறது. 1850இன் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களும் இளம் வயதினரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்றது. அவர்கள் போய்விட்டால் ஆலை ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் விடுதலை. கோயிலுக்கு ஞாயிறு, சனி பிற்பகல் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. அந்த வெற்றிடத்தில் ஓடி வந்து நுழைந்தது பந்து.

ஊரின் கிழக்கே நியூ ஹால் லேனில் ஹாரக்ஸஸ் நிறுவனத்தின் நூற்றாண்டு ஆலை இன்னும் நிற்கிறது. செங்கல்லும் வரிசை வரிசையாய் ஜன்னல்களுமாக ஒரு தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த ஆலை இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கிருந்து வடமேற்காக, ஒட்டி ஒட்டி நிற்கும் தொழிலாளர் வீடுகளுக்கு நடுவே நடந்து மூர் பூங்காவை அடைந்தேன். இதைத் திருத்தி அமைத்ததும் பஞ்சுப் பஞ்சத்தில் வேலையிழந்தவர்கள்தான். ஆற்றோரச் சதுப்பில் ஆடத் தொடங்கிய கிரிக்கெட் சங்கம் ஊரின் வடகோடியான இந்தப் பூங்காவுக்கு இடம் மாறியதால் ‘நார்த் எண்ட்’ ஆனது. 1875இல் பூங்காவுக்கு எதிரே இருந்த டீப்டேல் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கிரிக்கெட்டில் காசு தேறவில்லை. ரக்பியை முயன்றார்கள், அதில் ஊரின் கிராஸ்ஹாப்பர்ஸ் அணி முன்பே கொடி நாட்டியிருந்தது. 1878 அக்டோபரில் ஈக்லி என்ற அணிக்கெதிராக முதல் கால்பந்து ஆட்டம். ஒரு கோலில் தோல்வி. 1880இல் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முழுக்கக் கால்பந்துக்கு மாறினார்கள். மறு ஆண்டே பிளாக்பர்ன் ரோவர்ஸ் அவர்களை 16-0 என்று நசுக்கியது.

அந்த டீப்டேலில் இன்றும் ஆடுகிறார்கள். நான் போன சனிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. மைதானத்துக்கு வெளியே நீர்த் தொட்டிக்குள், பிரெஸ்டனின் பழைய வீரர் டாம் ஃபின்னியின் வெண்கல உருவம், இருபுறமும் தண்ணீர் சிதற, பந்தைத் துரத்திச் சறுக்குகிறது. 1956இல் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்துச் செய்த சிலை. உள்ளே அவர் பெயர் கொண்ட பார்வையாளர் மாடத்தின் இருக்கைகளில் அவர் முகம்; இன்னொரு பழைய வீரர் பில் ஷாங்லியின் மாடத்தில் ஷாங்லியின் முகம். இடைவேளையில் எல்லோர் கையிலும் பட்டர் பை: உருளைக்கிழங்கும் வெங்காயமும் வெண்ணெயும் வைத்துச் சுட்டது, இறைச்சி கிடையாது. கத்தோலிக்கர்கள் நிறைந்த இந்த ஊரில் வெள்ளிக்கிழமை விரதத்துக்குப் பிறந்த பண்டம், சனிக்கிழமை மைதானத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த முதியவர் தன் கழுத்துத் துண்டில் இருந்த சின்னத்தைக் காட்டினார். புனித வில்ஃபிரிடின் ஆட்டுக்குட்டியும் ‘பிபி’ என்ற எழுத்துகளும். சமாதானத்தின் அரசர் என்பதற்கான லத்தீன் எழுத்துகள் அவை என்று புத்தகம் சொல்லும். பெருமைமிகு பிரெஸ்டன் என்பதே சரியான பொருள் என்றார் அவர். பெருமையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று சிரிப்போடு சேர்த்துக்கொண்டார். அன்று அவர் அணி கோல் எதுவும் அடிக்கவில்லை.

1888 செப்டம்பர் 8 அன்று, உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கிய நாளில், இதே இடத்தில் பிரெஸ்டன் பர்ன்லியை 5-2 என்று வென்றது. 16 கோல் வாங்கிய அணி ஏழே ஆண்டில் அங்கே எப்படி வந்தது? விடை ஒரு மனிதர்: வில்லியம் சூடெல். பிரெஸ்டனில் 1850இல் பிறந்தவர், குட்ஏர் குடும்பத்தின் பஞ்சாலைகளில் மேலாளராக உயர்ந்தவர், சங்கத்தை நடத்தியவர். ஆங்கிலேயர்கள் அப்போது பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுவார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களோ கூட்டாளிக்குத் தட்டிவிட்டுக் காலியிடம் தேடி ஓடுவார்கள். சூடெல் எடின்பரோ, கிளாஸ்கோ பக்கம் ஆள் அனுப்பினார். ராஸ் சகோதரர்களான நிக், ஜிம்மி, மேலும் டிரம்மண்ட், கோர்டன், ரஸல் என்று ஒரு வரிசையே இறங்கி வந்தது. வந்தவர்களுக்கு ஊரில் வேலை தேடிக் கொடுக்கப்பட்டது. கரும்பலகையில் கோடு கிழித்தும், பில்லியர்ட்ஸ் மேசையில் சதுரங்கக் காய்களை நகர்த்தியும் அவர் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்ததாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆலை மேலாளருக்கு அது இயல்பாகவே வந்திருக்கும்: எந்த ஆள் எந்தத் தறியில், எந்த நேரத்தில்.

ஆட்டத்துக்குப் பணம் வாங்குவது அன்று குற்றம். விதி அப்படி இருந்தது. வடக்கே யாரும் அதை மதிக்கவில்லை. பத்து மைல் தள்ளியிருக்கும் பிளாக்பர்னில் ஒலிம்பிக் என்ற தொழிலாளர் அணி ஆட்டத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு பிளாக்பூல் கடற்கரையில் தங்கிப் பயிற்சி எடுத்து, கால்பந்து சம்மேளனம் நடத்தும் கோப்பைப் போட்டியின் 1883 இறுதி ஆட்டத்தில் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்களை வீழ்த்தியது. அதற்கு முன்பு கோப்பை எப்போதும் படைவீரர்கள், பல்கலைக்கழகத்தார், பெரிய பள்ளிகளின் பழைய மாணவர்கள் கையில்தான் இருந்தது. தறிக்காரர்களுக்குப் பயிற்சிக்காக வேலையை விட எங்கிருந்து காசு வந்தது என்று தெற்கே முணுமுணுத்தார்கள்.

1884 ஜனவரியில் லண்டனின் அப்டன் பார்க் அணி கோப்பை ஆட்டத்துக்காக டீப்டேல் வந்தது. ஆட்டம் 1-1. ஆட்டம் முடிந்ததும், பிரெஸ்டன் காசு கொடுத்து ஆள் வைத்திருக்கிறது என்று அப்டன் பார்க் புகார் கொடுத்தது. இப்படிப்பட்ட புகார் வந்தால் மறுப்பதுதான் வழக்கம். சம்பளப் பட்டியல் வேறு பெயரில் இருக்கும். வீரன் ஆலையில் வேலை செய்வதாக ஏடு இருக்கும். விசாரணைக் குழுவுக்கும் அது தெரியும். சூடெல் மறுக்கவில்லை. வீரர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தே வரவழைக்கிறோம், எல்லோரும் செய்வதுதான் இது என்று ஒப்புக்கொண்டார். பிரெஸ்டன் கோப்பையிலிருந்து நீக்கப்பட்டது.

அந்த ஒப்புதலுக்குப் பிறகு பாசாங்கு கடினமாகிவிட்டது. வடக்கத்திச் சங்கங்கள் அந்த இலையுதிர்காலத்தில் கூடி, தனிச் சம்மேளனம் தொடங்கிவிடுவோம் என்று மிரட்டின. 1885 ஜூலை 20 அன்று ஃப்ளீட் தெரு விடுதி ஒன்றில் கூடிய சம்மேளனம் கூலியைச் சட்டபூர்வமாக்கியது. நிபந்தனை இல்லாமல் இல்லை: கோப்பையில் ஆட வேண்டுமானால் கூலிக்கு ஆடுபவன் மைதானத்திலிருந்து ஆறு மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்த எல்லைக்குள் இரண்டாண்டு குடியிருந்திருக்க வேண்டும். வீரனுக்குக் கூலி உண்டு, கடிவாளமும் உண்டு. வெளியே சறுக்கிக்கொண்டிருக்கும் ஃபின்னியே அதற்குச் சாட்சி. 1901இல் வந்த கூலி உச்சவரம்பு 1961 வரை நீடித்தது. 1952இல் இத்தாலியின் பலெர்மோ சங்கம் அவருக்குக் கையொப்பத் தொகையாக மட்டும் 10,000 பவுண்டு தருவதாகச் சொன்னது, பிரெஸ்டன் விடவில்லை. இங்கிலாந்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர் கடைசிவரை குழாய் வேலையையும் கைவிடாமல் வாழ்ந்தார்.

தடை நீங்கியதும் சூடெலின் அணி அவிழ்த்துவிட்ட காளைபோல் பாய்ந்தது. 1887 அக்டோபர் 15 அன்று டீப்டேலில் ஹைட் அணியை 26-0 என்று வென்றது. இங்கிலாந்தின் முதல்தர ஆட்டங்களில் அந்த வித்தியாசத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. அதற்கு முந்தைய பருவத்தில் கோல் காத்தவர் ஆர்தர் வார்ட்டன். இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்தவர். 1886இல் நூறு கஜத்தைப் பத்து விநாடியில் ஓடித் தேசிய வாகையரான பிறகு பிரெஸ்டனுக்கு வந்தார். பின்னாளில் வேறு அணிகளில் கூலிக்கு ஆடி, உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர்களில் ஒருவராகப் பதிவானார். சுரங்கத் தொழிலாளியாக வாழ்ந்து 1930இல் இறந்தபோது அவர் கல்லறைக்குக் கல் வைக்கக்கூட ஆளில்லை. 1997இல்தான் கல் வந்தது.

பிரெஸ்டனிலிருந்து மான்செஸ்டருக்குத் திரும்பினேன். பிக்காடிலி கார்டன்ஸ் ஓரம், டிராம்கள் முனகித் திரும்பும் இடத்தில், ராயல் ஹோட்டல் இருந்த மனை. 1888 ஏப்ரல் 17 அன்று அங்கே கூடித்தான் லீக்கை உருவாக்கினார்கள். யோசனை வில்லியம் மெக்ரெகருடையது: பர்மிங்ஹாமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர், ஆஸ்டன் வில்லா சங்கத்தவர். அவரைத் தூண்டியது கூலிதான். வாராவாரம் சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால் வாராவாரம் டிக்கெட் விற்க வேண்டும். நட்புமுறை ஆட்டங்களோ கடைசி நேரத்தில் ரத்தாகும். கோப்பையில் முதல் சுற்றிலேயே தோற்றால் பருவமே காலி. ஆகவே பன்னிரண்டு சங்கங்கள், ஒவ்வொன்றோடும் இரண்டு ஆட்டம், தேதி மாறாது. ஆறு லங்காஷயரிலிருந்து, ஆறு இங்கிலாந்தின் நடுப்பகுதியிலிருந்து; பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ஒன்றுகூட இல்லை. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமனுக்கு ஒன்று என்ற கணக்கைப் பருவம் பாதி நடந்த பிறகு நவம்பரில்தான் முடிவு செய்தார்கள். லீக்கின் முதல் பொருளாளர், வில்லியம் சூடெல்.

இங்கிருந்து சற்று நடந்தால் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம். முதலில் அது டீப்டேலில்தான் இருந்தது. 2012இல் மான்செஸ்டருக்கு வந்தது. பிரெஸ்டன்காரர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை என்பது மைதானத்திலேயே காதில் விழுந்தது. அவர்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு: எப்போதாவது நடப்பதை ‘பிரெஸ்டன் கில்ட்’ வருவதோடு ஒப்பிடுவார்கள். 1179இன் அரச சாசனத்திலிருந்து வருகிற வணிகர் திருவிழா அது, இருபது ஆண்டுக்கு ஒருமுறை. பிரெஸ்டனின் கோப்பைகள் அதைவிட அரிதாக வருகின்றன.

கடைசியாக லண்டன், கென்னிங்டன் ஓவல். நமக்கு அது டெஸ்ட் கிரிக்கெட் மைதானம். ஆனால் 1892 வரை கோப்பையின் இறுதி ஆட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே இங்கேதான் நடந்தன. சர்ரி கிரிக்கெட் சங்கத்தின் செயலாளரும் கால்பந்து சம்மேளனத்தின் செயலாளரும் ஒரே ஆள், சார்லஸ் ஆல்காக். கோப்பைப் போட்டியே அவர் யோசனை. கூலியைச் சட்டமாக்க வேண்டும் என்று உள்ளிருந்து வாதாடியவரும் அவரே. 1888 இறுதி ஆட்டத்துக்கு முன், சட்டை அழுக்காவதற்குள் கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று பிரெஸ்டன்காரர்கள் கேட்டதாகவும், முதலில் ஜெயித்துவிட்டு வாருங்கள் என்று நடுவர் மேஜர் மாரிண்டின் சொன்னதாகவும் கதை. அன்று வெஸ்ட் பிராம்விச் 2-1 என்று வென்றது.

மறு ஆண்டு அவர்கள் படம் கேட்கவில்லை போலிருக்கிறது. லீக்கில் 22 ஆட்டம்: 18 வெற்றி, 4 சமன், தோல்வி இல்லை, 74 கோல் அடித்து 15 வாங்கினார்கள். கோப்பையில் ஒரு கோல்கூட வாங்காமல் வந்து, 1889 மார்ச் 30 அன்று ஓவலில் சுமார் 22,000 பேர் முன்னிலையில் வுல்வர்ஹாம்ப்டனை 3-0 என்று முடித்தார்கள். முதல் கோல் அடித்த ஃபிரெட் டியூஹர்ஸ்ட் பள்ளி ஆசிரியர், கூலி வாங்காதவர். கோல் காத்த மில்ஸ்-ராபர்ட்ஸ் மருத்துவர். அணியை அணியாக்கிய நிக் ராஸ் அந்த ஒரு பருவம் மட்டும் எவர்ட்டனுக்குப் போய்விட்டதால் பெருமையில் பங்கில்லாமல் போனார். முதல்நிலைப் பிரிவில் ஒரு முழு லீக் பருவத்தைத் தோல்வியின்றி முடிக்க அடுத்து ஓர் அணி வர 2004 ஆகிவிட்டது, அது ஆர்சனல். பிரெஸ்டன் 1890இலும் லீக்கை வென்றது. அடுத்த மூன்று ஆண்டும் இரண்டாமிடம். அதன் பின் இன்றுவரை முதல்நிலை லீக் மகுடம் இல்லை. மான்செஸ்டர், லிவர்பூல் போன்ற பெருநகரங்கள் கூலி கொடுக்கத் தொடங்கியதும் ஒரு நடுத்தரப் பஞ்சாலை ஊரால் ஈடு கொடுக்க முடியவில்லை. சூடெல் திறந்துவிட்ட கதவின் வழியே அவரைவிடப் பணக்காரர்கள் நுழைந்தார்கள்.

1895இல் மூன்று காரியங்கள் நடந்தன. வசந்தத்தில், ஆலை முதலாளிகளின் 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட பணத்தைக் கையாடியதற்காகச் சூடெலுக்கு மூன்றாண்டுச் சிறை. கணக்குப் புத்தகங்களைத் திருத்தி வந்திருக்கிறார். பணத்தின் பெரும்பகுதி அணிக்கே போனது என்பதுதான் பிரெஸ்டனில் சொல்லப்படுவது. வெளியே வந்தபின் தென்னாப்பிரிக்கா போய் விளையாட்டுச் செய்தியாளராகி 1911இல் கேப்டவுனில் இறந்தார். ஆகஸ்டில், ஹடர்ஸ்ஃபீல்டு விடுதியில் கூடிய வடக்கத்தி ரக்பி சங்கங்கள், ஆட்டத்தால் இழந்த வேலை நேரத்துக்கு ஈட்டுத்தொகை மறுக்கப்பட்டதால் பிரிந்து போயின. அந்த விளையாட்டு இரண்டாகப் பிளந்தது, மீண்டும் ஒட்டவில்லை. செப்டம்பரில், பிரெஸ்டன் தூக்கிப் பிடித்த அதே வெள்ளிக் கோப்பை பர்மிங்ஹாம் கடை ஜன்னலிலிருந்து திருடு போனது, கிடைக்கவே இல்லை.

ஓவலின் மாடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் அடுக்கிப் பார்த்தபோது கிரிக்கெட்டையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இதே புல்தரையில் 1962 வரை கனவான்களும் கூலிக்காரர்களும் ஆட்டப் பட்டியலில்கூட வேறுபடுத்தி எழுதப்பட்டார்கள். காசு வாங்காமல் ஆடுவது பண்பு என்று சொன்னவர்கள் எல்லோரும் சனிக்கிழமைக் கூலி இல்லாமலும் சாப்பிட முடிந்தவர்கள். சூடெலுக்கு நல்லவர் பட்டம் கொடுக்க வேண்டியதில்லை. பிறர் பணத்தை எடுத்தார், தண்டனை பெற்றார். ஆனால் 1884இல் அவர் சொன்ன உண்மையால்தான் கால்பந்து ரக்பிபோல் உடையாமலும் கிரிக்கெட்போல் இரண்டு சாதி வைத்துக்கொள்ளாமலும் தப்பியது. தோல்வியறியாத அணியைப் பிரெஸ்டன் இன்றும் கொண்டாடுகிறது. அந்தப் பெயரில் மைதானத்தில் ஒரு மாடமே இருக்கிறது. என் கணக்கில் அந்த ஊரின் பெரிய வெற்றி 1-1 என்று முடிந்த, பிறகு அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட அந்த ஜனவரி ஆட்டம்தான்.